கேபிள் செருகியும் திரை ஏன் இருட்டு?

மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகுகிறோம், மானிட்டரோ ‘நோ சிக்னல்’ என்கிறது. உடனே கேபிள் மீதுதான் பழி விழும். ஆனால் படம் கிளம்பும் முன்பே அந்தக் கேபிளுக்குள் ஒரு விசாரணை நடந்தாக வேண்டும்.

18-வது பின் வழியாகக் கணினி 5 வோல்ட் அனுப்பும். மானிட்டர் 19-வது பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் இருப்பைத் தெரிவிக்கும். பிறகு கணினி, மானிட்டருக்குள் இருக்கும் சிறு நினைவகத்தைப் படிக்கும். இ.டி.ஐ.டி. எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். தயாரிப்பாளர் யார், எந்தெந்தத் தெளிவுத்திறன் ஒத்துவரும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்தப் பேச்சு பாதியில் அறுந்தால், கணினியைப் பொறுத்தவரை மானிட்டர் இல்லாமலே போகலாம்.

மானிட்டரின் பவர் வயரைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகினால் சில நேரம் படம் வந்துவிடுவது இதனால்தான். மந்திரமில்லை, விசாரணை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள துளை பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். யு.எஸ்.பி.-சி துளை இன்னும் ஏமாற்றுக்காரன். சில துளைகள் சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டுமே. படம் அனுப்பவே தெரியாது. மானிட்டர் மெனுவில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் என்றால் விண்டோஸ் விசையுடன் ‘பி’யை (P) அழுத்தி, படம் மானிட்டருக்கும் போகும்படி தேர்ந்தெடுங்கள்.

அப்புறமும் இருட்டென்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். புதிது வாங்கும் முன் ஒன்றை இரவல் வாங்கிச் சோதியுங்கள்.