பெண் குறைந்தால் அண்டை நாட்டுக்கும் ஆபத்து



"பொம்பளப் புள்ள குறைஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சீனாவைப் பாருங்கள்.

1980 வாக்கில் 'ஒரு குழந்தை போதும்' என்று அந்நாட்டு அரசு கட்டுப்பாடு போட்டது. ஒண்ணே ஒண்ணுன்னா அது ஆணாகட்டும் என்று பலர் ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைத்தார்கள். 2004-ல் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 121 ஆண் குழந்தை பிறந்தது. 2016-ல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனாலும் 2020 கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3.5 கோடி பேர் அதிகம்.

இவர்களுக்குப் பெண் எங்கே கிடைக்கும்? மியான்மர், வியட்நாம், பாகிஸ்தான் ஏழைப் பெண்களை, "வேலை வாங்கித் தர்றோம், நல்ல இடத்துல கட்டிக் கொடுக்கிறோம்" என்று ஏமாற்றித் தரகர்கள் கொண்டுபோய் விற்றார்கள். 2019-ல் பாகிஸ்தானில் சீனர்கள் பலர் கைதானார்கள். அதே ஆண்டு 31 பேரை நீதிமன்றம் விடுவித்தது. சாட்சி சொல்லப் பெண்கள் பயந்தார்கள். சீன உறவு கெடக்கூடாது என்று மேலிடத்து நெருக்கடி இருந்ததாக அதிகாரிகளே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். நாட்டு உறவு பெரிசாச்சு, பெண் சிறிசாச்சு!

நம் நாட்டில் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா?