போர்டை நம்பாதே... இரும்பைப் படி!

‘‘மச்சி, பல்சர் ஒண்ணு வந்திருக்குடா. 28 ஆயிரம்தான். நாளைக்குள்ள சொல்லணுமாம்!’’

செமஸ்டர் லீவுக்கு வந்த மறுநாளே தொண்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நண்பன் போட்ட குண்டு இது. தினமும் ரெண்டு பஸ் மாறி காலேஜ் போற பையன். அப்பா விசைப்படகுல கடலுக்குப் போறவர். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்ல வீட்ல காசு புரளாது. அதனால அம்மா மகளிர் குழுவுல லோன் போட்டுக் கொடுத்த பணம்தான் அந்த 28 ஆயிரம்.

வண்டியைக் கொண்டுவந்தவர் பக்கா டீசன்ட். ‘‘அக்கா வீட்டுக்காரர் வண்டி தம்பி. அவரு சவுதியில இருக்காரு. சும்மா நிக்குதேன்னு குடுக்கறோம். ஆர்.சி. புக் அவருகிட்ட மாட்டிக்கிச்சு. ஜெராக்ஸ் இருக்கு, பாருங்க!’’

நான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் ஆச்சே... விடுவேனா? உடனே போனை எடுத்து ‘எம்பரிவாஹன்’ ஆப்பில் நம்பர் பிளேட்டில் இருந்த டி.என். 65 நம்பரைத் தட்டினேன். மாடல் ஓகே, கலர் ஓகே, இன்ஷூரன்ஸ் ஓகே. ‘‘க்ளீன் வண்டிடா!’’னு கையையும் குலுக்கிட்டேன்.

அங்கேதான் நான் பல்பு வாங்கினேன்!

சட்டை மாறும், மச்சம் மாறாது

‘‘எதுக்கும் ஒரு தடவை காமிச்சுடுவோம்’’னு பக்கத்துல இருக்கிற மெக்கானிக் பாய்கிட்ட வண்டியைத் தள்ளிட்டுப் போனோம். அவர் இன்ஜினை ஸ்டார்ட்கூட பண்ணலை. ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிச்சார். மண்ணெண்ணெய் நனைச்ச துணியால ஃபிரேமோட கழுத்தைத் துடைச்சார். டார்ச் அடிச்சார். ‘‘ஜெராக்ஸை வாசி தம்பி’’ன்னார். நான் வாசிக்க வாசிக்க, கடைசி நாலு நம்பர் வந்தப்போ அவர் தலையை ஆட்டினார். இரும்புல இருந்தது வேற!

விஷயம் இதுதான். அதே மாடல், அதே கலர்ல ஊர்ல நிறைய வண்டி ஓடுது. அதுல ஒரு நல்ல வண்டியோட நம்பரை எழுதி, திருட்டு வண்டியில மாட்டிட்டா, ஆப் காட்டுறது அந்த நல்ல வண்டியோட ஜாதகத்தை! நாம நம்பர் பிளேட்டைத்தான் செக் பண்றோம், வண்டியை இல்லை. பிளேட் வெறும் சட்டை. சேஸிஸ் நம்பர்தான் பிறவி மச்சம்.

அந்த மச்சத்தைப் படிக்கிறது ஈஸி. மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூணு ஆங்கில எழுத்துகள் மட்டும் அதுல வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோட குழம்பிடக் கூடாதுன்னு உலகம் முழுக்க அப்படி வெச்சிருக்காங்க. முதல் மூணும் கம்பெனி அடையாளம். பஜாஜ்னா எம்.டி.2, டி.வி.எஸ்.னா எம்.டி.6, ஹீரோன்னா எம்.பி.எல்., ராயல் என்ஃபீல்டுன்னா எம்.இ.3 எனத் தொடங்கும். இன்ஜின் நம்பர் தனி. அது இன்ஜினோட அடிப்பகுதியில பொறிச்சிருக்கும்.

உப்புக்காத்தா... அரமா?

எங்க ஊர்ப் பசங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பாடம். கடற்கரை ஊர்ல எந்த வண்டியும் துருப்பிடிக்கும். நம்பர் மங்கலா இருக்கிறதாலயே அது திருட்டு வண்டி ஆகிடாது. உப்புக்காத்து அரிச்சா சுத்துவட்டாரம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரன்னு இருக்கும். அரம் போட்டு ராவியிருந்தா, அந்த இடம் மட்டும் வழவழன்னு பள்ளமா, கோடு கோடா இருக்கும். இல்லேன்னா அங்கே மட்டும் புது பெயின்ட் பளபளக்கும். எழுத்துகள் ஒரே வரிசையில, ஒரே ஆழத்துல இருக்கான்னும் பாருங்க.

ராவிட்டா தப்பிச்சுடலாம்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம மெட்டலர்ஜி வாத்தியார் பதில் வெச்சிருக்கார். நம்பரை அடிச்சுப் பொறிக்கும்போது எழுத்துக்குக் கீழே இருக்கிற இரும்பும் நசுங்கிடுது. மேலே ராவினாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். தடயவியல் ஆய்வகத்துல அமிலக் கரைசல் தடவினா, நசுங்கின இடமும் நசுங்காத இடமும் வேற வேற வேகத்துல அரிச்சு, அழிஞ்ச நம்பர் மெல்ல எழுந்து வரும். நம்ம லேப்ல படிச்சது இதுக்காவது உதவுதே!

காசும் போச்சு, வண்டியும் போச்சு

‘பொல்லாதவன்’ (2007) படத்துல பல்சரைத் தொலைச்ச தனுஷ் ஊரெல்லாம் தேடி அலைவார். தியேட்டர்ல நாம எல்லாரும் அவர் பக்கம். ஆனா அந்த மாதிரி வண்டியைத் தெரியாம காசு கொடுத்து வாங்கினவனோட கதி?

சட்டம் கறார். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 27-ம் பிரிவுப்படி, விக்கிறவருக்கு இல்லாத உரிமை வாங்கினவருக்கும் பொதுவா வராது. அதாவது, போலீஸ் வண்டியைப் பிடிச்சா அது கோர்ட் வழியா உண்மையான ஓனருக்குப் போகும். நம்ம காசுக்கு, வித்த ஆளை நாமதான் தேடணும். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினா, 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவுல 3 வருஷம் வரை சிறை. ‘‘பாதி விலைக்குக் கொடுத்தப்பவே சந்தேகம் வரலையா?’’ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* சேஸிஸ், இன்ஜின் நம்பரை வண்டியிலிருந்தே எழுதி எடுங்க. அப்புறம் ஒரிஜினல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பேப்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. ஜெராக்ஸ் செல்லாது.

* அந்த நம்பர்களோட தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாஹன் சமன்வய்’ சேவையில் தேடுங்க. நாடு முழுக்க போலீஸ் பதிவு செய்த திருட்டு வண்டிகளோட ஒப்பிட்டுச் சொல்லும். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்திலும் வாகன நிலை பார்க்கலாம். ஆனா நேத்து திருடுன வண்டி இன்னிக்கே பட்டியல்ல ஏறியிருக்கணும்னு இல்லை.

* ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர் நேர்ல வரணும், அடையாள அட்டையோட. வெளிநாட்டுல இருந்தா வீடியோ காலாவது போடச் சொல்லுங்க. பணம் அவர் அக்கவுன்ட்டுக்குத்தான்.

* சாவி பேசும்! இக்னீஷன், பெட்ரோல் டேங்க் ரெண்டுக்கும் கம்பெனி கொடுக்கறது ஒரே சாவி. வேற வேற சாவின்னா ஏன்னு கேளுங்க. ரெண்டாவது சாவியையும் கேளுங்க.

* 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசர்ல பொறிச்ச தனி எண், கழட்டினா திரும்பப் பயன்படாத பூட்டு... இதெல்லாம் இருக்கணும். சாதா போல்ட் போட்டிருந்தா உஷார்.

* ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தா கடன் முடிஞ்ச சான்றும், படிவம் 35-ம் வேணும். வேற மாநில வண்டின்னா படிவம் 28-ல் தடையில்லாச் சான்று.

* படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள்ள பேர் மாத்திடுங்க. விக்கிறவங்களும் கேட்டுக்குங்க. பேர் மாத்தாம விட்டா, ஆக்ஸிடென்ட் ஆனா ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் பொறுப்புன்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு.

பாய் கேட்ட கேள்வி

நம்பர் மாறுதேன்னு கேட்டதும் அந்த டீசன்ட் அண்ணன் முகம் மாறிடுச்சு. ‘‘வேற பார்ட்டி ரெடியா இருக்கு தம்பி’’ன்னு சொல்லி, கிக்கரை உதைச்சு மதுரை ரோட்டுல பறந்துட்டார். அப்புறம் போனும் எடுக்கலை. நாங்க ‘தப்பிச்சோம்டா சாமி’ன்னு சோடா குடிச்சோம்.

பாய் மட்டும் சிரிக்கலை. ‘‘நீங்க தப்பிச்சீங்க. அதே நம்பர்ல ஒழுங்கா வண்டி ஓட்டிக்கிட்டிருக்கானே ஒருத்தன், அவன்? வண்டியைத் தொலைச்சவன்? நாளைக்கு இதை வாங்கப்போற பையன்? ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா தம்பி?’’

சோடா தொண்டையிலேயே நின்னுடுச்சு. சேஸிஸ் நம்பரை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலை. மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், ஞாபகம் இருந்த வரைக்கும் பிளேட் நம்பரையும் அந்த ஆளோட போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். ஒரு நாள் லேட்!

அதனால பாஸ், உங்களுக்கு நம்பர் மாறுச்சுன்னா சண்டை போடாதீங்க, ஆளை மடக்கப் போகாதீங்க. அமைதியா போட்டோ எடுத்துக்கிட்டு, அன்னிக்கே 112-க்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ சொல்லிடுங்க.

நண்பன் இப்போ வண்டி வாங்கிட்டான். எங்க தெருவுல இருக்கிற ரிட்டயர்டு வாத்தியாரோட பழைய டி.வி.எஸ். சைலன்சர் பூரா துரு. விலையும் 4 ஆயிரம் கூட. ஆனா ஒரிஜினல் ஆர்.சி., ரெண்டு சாவி, எழுத்து எழுத்தாப் பொருந்தின 17 நம்பர். அவங்க அம்மா முதல் தவணை கட்டப் போனதே அந்த வண்டியிலதான்!