ஐந்தில் ஒரு லொறி உமி

அறுவடை முடிந்த கையோடு அக்கரைப்பற்று வீதியில் நெல் லொறிகள் வரிசை கட்டும். திருக்கோவில், தம்பிலுவில் வட்டைகளில் விளைவதில் ஒரு பங்கு இங்கேயே குத்தப்படுகிறது. இன்னொரு பங்கு பொலன்னறுவையின் பெரிய ஆலைகள் வரை போகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய 20 வீதம் உமி. ஐந்து லொறி நெல் ஊரைத் தாண்டினால், கணக்குப்படி அதில் ஒரு லொறி வெறும் உமிதான். அதற்கும் சேர்த்தே டீசல் எரிகிறது, கூலியும் கொடுபடுகிறது.

ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலுக்கு மூலப்பொருளாக வேண்டும், எதுவும் குப்பைமேட்டில் போய் முடியக்கூடாது என்பது சுழற்சிப் பொருளாதாரத்தின் சாரம். மாநாட்டு மேடைகளில் இதற்கு வட்டமாக ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் தூரத்துக்கு இடமே இருப்பதில்லை. வட்டம் பெரும்பாலும் அறுந்து போவது தூரத்தால்தான்.

உள்ளூரில் நெல் அவிக்கும் ஆலை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஊறவைத்த நெல்லை நீராவியில் அவித்து, சீமெந்துக் களத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகு குத்துகிறார்கள். உமி குழாய் வழியாக ஊதப்பட்டு ஆலையின் பின்புறம் மலைபோலக் குவிகிறது. அதே உமியை ஒருவர் கூடையில் அள்ளி வந்து பொயிலர் அடுப்பில் கொட்டுகிறார். அந்த நெருப்பில் எழும் நீராவி அடுத்த தடவை நெல்லை அவிக்கிறது. ஒரு கிலோ உமியில் சுமார் 14 மெகாஜூல் வெப்பம் உண்டு. இரண்டரைக் கிலோ உமி ஒரு லீட்டர் டீசலுக்குச் சமம். வெயிலில் காயவைக்கும் ஆலைகளில் அவிக்கிற தேவை போகவும் உமி மிஞ்சும். மிஞ்சியது செங்கல் சூளைக்கும் கோழிக் கூட்டுக்கும் போகும். யாரும் திட்டம் தீட்டாமல், எந்த அதிகாரியும் கையெழுத்திடாமல் நடக்கிற சுழற்சி இது. அடுப்பும் உமியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நடக்கிறது.

ஆலை மதிலுக்கு வெளியே கதை மாறிவிடும். ஒரு கன மீட்டர் நெல் 550 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதே இடத்தில் தளர்வாகக் கொட்டிய உமி நூறு கிலோவைச் சற்றே தாண்டும். உமி லொறி என்பது பெரும்பாலும் காற்று ஏற்றிய லொறி. அரிசியைப் போர்த்திக்கொண்டு போகும்போது உமி இடத்தை அடைக்காமல் போய்விடுகிறது. தனியாகத் திரும்பி வரவேண்டுமென்றால் லொறி வாடகைக்கே கட்டாது. திருக்கோவில் வயலின் உமி பொலன்னறுவைக்குப் போகலாம், திரும்ப முடியாது.

எரித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் அறிவியலின் சுவாரசியமான பகுதி இருக்கிறது. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகத் தங்கும். மரக்கட்டையில் ஒரு வீதம்கூடத் தேறாது. காரணம் சிலிக்கா. நெற்பயிர் மண்நீரில் கரைந்த சிலிசிக் அமிலத்தை வேரால் உறிஞ்சி, தண்டிலும் இலையிலும் உமியிலும் கண்ணாடிபோல் படியவைக்கிறது. நெல் சுணை உடம்பெல்லாம் அரிப்பதும், உமிக்கரியால் தீட்டிய பல் பளிச்சென்று ஆவதும் அதனால்தான். சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா இருக்கும். ஆயிரம் கிலோ நெல்லிலிருந்து 200 கிலோ உமி, அதிலிருந்து 40 கிலோ சாம்பல், அதில் சுமார் 36 கிலோ சிலிக்கா என்று போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சாம்பலைச் சீமெந்தோடு கலக்கலாம் என்பதை 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் பிறந்த பொறியியலாளர் பி. கே. மேத்தா ஆராய்ந்து, காப்புரிமையும் பெற்றார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுமார் 700 பாகை செல்சியஸுக்குள் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். சுண்ணாம்போடு வினைபுரிந்து கொங்கிரீட்டை இறுக்கும். சூடு மீறினால் அது படிகமாகி மந்தமாகிவிடும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கும் கேடு. ஆலை அடுப்பில் வெப்பமானி இருப்பதில்லை, சாம்பல் எந்த ரகம் என்று யாரும் பார்ப்பதுமில்லை. ஆகவே அது பள்ளம் நிரப்பவே பயன்படுகிறது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனமோ 2014இல், டயருக்கு வேண்டிய சிலிக்காவை உமிச் சாம்பலிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தது. அதே சாம்பல்தான், பக்கத்தில் அதை வாங்க ஆள் இருக்கிறாரா என்பதே வித்தியாசம்.

அருகாமையின் பலனை உலகத்துக்குக் காட்டிய ஊர் டென்மார்க்கின் கலுண்ட்போர்க். அங்கே மின்நிலையத்தின் நீராவி பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்துத் தொழிற்சாலைக்கும் போனது. புகையைச் சுத்திகரிக்கையில் உண்டான ஜிப்சம் சுவர்ப்பலகை செய்யும் தொழிற்சாலைக்குப் போனது. அரசாங்கம் போட்ட திட்டமல்ல அது. அண்டை அயலவர்கள் இருவர் இருவராகப் பேசி, தத்தம் இலாபம் பார்த்து ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவின் பிஹாரில் 2007 ஆகஸ்ட் 15இல் தம்குஹா கிராமத்துக்கு உமி வாயுவால் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸும், உமி கிடைக்கிற இடத்திலேயே சிறு நிலையம் அமைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தது.

உமிக்கு எதிரி தூரம் என்றால், தவிட்டின் எதிரி நேரம். தவிட்டில் 15 முதல் 20 வீதம் எண்ணெய் இருந்தும், நெல்லைத் தீட்டிய நொடியிலேயே லிப்பேஸ் என்ற நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. பச்சையரிசித் தவிட்டில் கொழுப்பமிலம் நாளொன்றுக்கு 5 வீதத்துக்கும் மேல் கூடலாம். நாலு நாள் மூடையில் கிடந்த தவிடு கோழித் தீனுக்குத்தான் ஆகும். அவித்த நெல்லின் தவிட்டில் சூட்டினால் நொதி செத்துப்போயிருக்கும் என்பதால் அது தாக்குப்பிடிக்கும்.

வைக்கோல் கதை இதைவிட வருத்தமானது. பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் 80 வீதத்துக்கு மேல் வைக்கோலில்தான் தங்குகிறது. சூடு மிதித்த காலத்தில் அது களத்தில் ஒரே இடத்தில் குவிந்தது. வெட்டு மெஷின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அள்ளக் கூலி கட்டாமல் பலர் தீ வைத்துவிடுகிறார்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி சாம்பலோடு அங்கேயே கிடக்கும் என்றாலும், நைதரசன் புகையாகிப் போய்விடும். 2021 மே மாதம் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கும்வரை விவசாயி பட்ட பாடு மறந்திருக்காது. ஒரே இரவில் சேதனத்துக்கு மாறச் சொன்னது முட்டாள்தனம். ஆனாலும் கையில் இருந்த வைக்கோலை எரித்துவிட்டு, கடல் கடந்து வரும் பொட்டாசுக்குக் காத்திருந்தோம் என்பதும் உண்மைதான். அரைகுறையாகக் கரித்த உமியை வயலுக்கு இடச்சொல்லி விவசாயத் திணைக்களமும் பரிந்துரைக்கிறது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி பை. சணல் சாக்கு போய், பிளாஸ்டிக் இழையில் நெய்த பையும் பொலித்தீன் பொதியும் வந்துவிட்டன. பெரிய பைகள் நாலைந்து முறை கைமாறும், சிறு பொதிகள் ஒரே முறையில் குப்பை. நம் மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில், எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் குப்பையைத் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உணவு வாசம் ஒட்டிய பொலித்தீனை யானையால் பிரித்தறிய முடியாது. அரிசிப் பொதியில் ஆலையின் பெயரும் எடையும் விலையும் அச்சிட்டிருக்கும்; வெறும் பையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று அச்சிட்டிருக்காது. கண்ணாடிச் சோடாப் போத்தலுக்குக் கடைக்காரர் முற்பணம் வாங்கி வைத்தார். அந்தக் காசுக்காகவே போத்தல் திரும்பி வந்தது, மறுபடி நிரம்பிப் போனது.