கேக்கில் காய்த்த திராட்சைக் குலை

பிறந்த நாளுக்குக் கேக் வேண்டும்; அதுவும் வேடிக்கையான உருவத்தில் வேண்டும் என்கிறதா குழந்தை? கவலை எதற்கு? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறதே!

குக்கரில் தண்ணீருக்குப் பதில் உப்பைப் பரப்பி, மாவுக் கலவைப் பாத்திரத்தை உள்ளே வைத்து, ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாமல் மூடிச் சிறு தீயில் வேகவிட்டால், சுமார் 40 நிமிஷத்தில் கேக் தயார். ஆறியதும் முக்கோணமாக வெட்டி, வெண்ணெயில் பொடித்த சர்க்கரையைக் குழைத்துப் பூச வேண்டும். மேலே ஈரம் துடைத்த திராட்சையை அடுக்கினால் குலை. தலையில் சின்னமனூர் வெற்றிலையைச் செருகினால் இலை!

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: முழுத் திராட்சை சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயதுக்கு உட்பட்டோர் வீட்டில் பழத்தை நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதையை நீக்கியே அடுக்க வேண்டும். குலையின் அழகு சற்றுக் குறையலாம். குழந்தையின் குதூகலம் குறையாது.