ஒரு பூஞ்சை, பல முகங்கள்

பெங்களூருவின் வடபகுதியில், பெல்லாரி சாலையை ஒட்டிக் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரம் என்னும் பரந்த வளாகம் உள்ளது. 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே இயங்குகிறது. அங்கு நடைபெறும் கிருஷி மேளாவிற்கு நீங்கள் பெற்றோருடன் சென்றிருக்கலாம். பயிர்நோய்களை ஆராய்வதும் அப்பல்கலைக்கழகத்தின் பணிகளுள் ஒன்று. சோயா மொச்சையைத் தாக்கும் வேரழுகல் நோயைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

கர்நாடகத்தில் பீதர், பெளகாவி, தார்வாடு ஆகிய மாவட்டங்களில் சோயா மொச்சை மிகுதியாக விளைகிறது. மழை பொய்த்து வெயில் ஏறும் நாள்களில், பசுமையாக நின்ற செடிகள் திட்டுத்திட்டாக வாடுவதுண்டு. வாடிய செடியைப் பிடுங்கினால் வேரின் பட்டை எளிதில் உரிந்துவிடும். உள்ளே கரித்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். ஆதலால் இதனைக் கரி அழுகல் என்றும் கூறுவர். உழவரின் உழைப்பு முழுவதும் சில நாள்களில் வீணாகிவிடும்.

இந்நோய்க்குக் காரணம் மேக்ரோபோமினா பேசியோலினா என்னும் பூஞ்சை. அக்கரும்புள்ளிகள் அதன் இழைகள் இறுகி உண்டான நுண்முடிச்சுகள் ஆகும். அவை உலர்ந்த மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெப்பமும் வறட்சியும் மிகும்போது முளைத்து வேரினுள் புகும். சோளம், எள், நிலக்கடலை உட்பட 500க்கும் மேற்பட்ட தாவர வகைகளை இப்பூஞ்சை தாக்கவல்லது. ஆகவே, பயிரை மாற்றி விதைப்பதனால் மட்டும் இதனை ஒழிப்பது அரிது.

ஆய்வாளர் பல ஊர் வயல்களிலிருந்து நோயுற்ற வேர்களைத் திரட்டுவர். உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்ந்த கூழில் பூஞ்சையைத் தனித்தனியே வளர்ப்பர். அப்போது ஒரு வியப்பு காத்திருக்கும். பெயர் ஒன்றாயினும் இயல்பு ஒன்றன்று! ஒன்று விரைந்து படரும்; மற்றொன்று மெல்ல வளரும். ஒன்று கருநிறம் கொள்ளும். மற்றொன்று சாம்பல் நிறமாகும். முடிச்சுகளின் அளவும் செடியை வாட்டும் வன்மையும் வேறுபடும். மரபணுவில் நேரும் மாற்றங்களும், இழைகள் ஒன்றோடொன்று இணைவதும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களாகும்.

இதனை அறிவதால் என்ன பயன்? ஓரூரில் நோயைத் தாங்கி நின்ற விதை, வேற்றூர்ப் பூஞ்சையின் முன் தோற்றுப்போகலாம். எனவே, புதிய விதையைப் பல ஊர்ப் பூஞ்சைகளோடும் சோதித்த பின்னரே உழவருக்குப் பரிந்துரைப்பது நன்று. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை விதையுடன் கலந்து விதைப்பதும், வறட்சியில் நீர் பாய்ச்சி மண்ணின் ஈரத்தைக் காப்பதும் நோயைக் குறைக்கும்.

பகைவனை வெல்ல அவனது பெயரை அறிந்தால் போதாது. அவனது பல முகங்களையும் அறிதல் வேண்டும்.

சொற்பொருள்
பொய்த்து – பெய்யாமல் ஏமாற்றி
வன்மை – வலிமை
அரிது – எளிதன்று

வினாக்கள்
1. கரி அழுகல் என்னும் பெயர் ஏன் ஏற்பட்டது?
2. பயிரை மாற்றி விதைப்பது மட்டும் ஏன் போதாது?
3. பல ஊர்ப் பூஞ்சைகளைக் கொண்டு விதையைச் சோதிப்பது ஏன்?

செயல்பாடு
உங்கள் சொந்த ஊரில் விளையும் பயிர் ஒன்றையும், அதற்கு வரும் நோயையும் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.