உங்களுக்குத் தெரியுமா? காசநோய்க் கிருமியும் விழித்திரையும்

கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால் வரும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயர், 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. அந்தக் காசநோய்க்கும் கண்ணுக்கும் ஓர் உறவு உண்டு.

நல்ல ஆரோக்கியமான இளைஞர். ஒருநாள் காலையில் கண் விழித்தால் பார்வையில் ஒட்டடை போலக் கருப்பு நூல்கள் மிதக்கின்றன. வலியில்லை, சிவப்புமில்லை. இது ஈல்ஸ் நோயாக இருக்கலாம். 1880-இல் பர்மிங்ஹாம் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் விவரித்த இந்நோய், இன்று இந்தியத் துணைக்கண்டத்தில்தான் அதிகம்.

சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் விழித்திரை மேலிருந்து அகற்றிய சவ்வுகளில் காசக்கிருமியின் டிஎன்ஏவை பிசிஆர் சோதனையில் கண்டார்கள். சீழ் வைக்கும் தொற்று அல்ல இது. கிருமியின் புரதத்தை நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகையாகச் சீறுவதே காரணம் எனக் கருதப்படுகிறது. அவை சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் பொருள்களால் விழித்திரைச் சிரைகளின் சுவர் வீங்குகிறது, கசிகிறது, அடைபடுகிறது. ஆக்சிஜனுக்குத் தவிக்கும் விழித்திரை, 'விஇஜிஎஃப்' என்ற புரதத்தால் புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. அவையோ முருங்கைக் கிளை மாதிரி. சட்டென்று முறிந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, புதுக்குழாய்களுக்கு லேசர், தேங்கிய ரத்தத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை மிக முக்கியம். நன்றாகத் தெரிகிற மறு கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்: பெரும்பாலும் இரண்டிலும் நோய் இருக்கும்.