நின்றுபோன நிரலை டிபக்கர் எப்படிப் படிக்கிறது?

சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ நுண்செயலியில் ஒரு நிரல் பாதியில் நிற்கிறது. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று டிபக்கர் வரிசையாக ஒப்பிக்கிறதே, எப்படி?

சக்தி, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு இனம். 32 முழு எண் ரெஜிஸ்டர்கள். எக்ஸ்1-இல் திரும்ப வேண்டிய முகவரி, எக்ஸ்2-இல் ஸ்டேக்கின் நுனி. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைத்தால் எக்ஸ்1-இல் இருந்தது அழிந்துவிடும். எனவே பழைய முகவரியை முன்கூட்டியே ஸ்டேக்கில் தனக்கான பகுதியான ஃபிரேமுக்குள் எழுதிவைக்கிறது. சிவகாசி அச்சகத்துக் காகித அடுக்கேதான்: கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வரும். ஆனால் ஸ்டேக் முகவரியில் கீழ்நோக்கி வளரும்!

கம்பைலர் விட்டுச்சென்ற ‘ட்வார்ஃப்’ குறிப்பில் ஃபிரேமின் அளவு இருக்கும். அதை எக்ஸ்2-உடன் கூட்டினால் அழைத்த ஃபங்ஷனின் ஃபிரேம்; எழுதிவைத்த முகவரி அது எந்த ஃபங்ஷன் என்று சொல்லும். இப்படியே ‘மெயின்’ வரை. அழைத்த ஃபங்ஷன்களின் ஃபிரேம்களில் டிபக்கர் காட்டும் ரெஜிஸ்டர் மதிப்புகளில் பல சிப்பில் இப்போது இல்லை, நினைவகத்திலிருந்து மீட்டவை.

விருதுநகர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களே, ‘-ஜி’ சேர்த்துக் கம்பைல் செய்து, டிபக்கரில் ‘பேக்ட்ரேஸ்’ கொடுத்துப் பாருங்கள்.